கொங்கு மலைக்காட்டில் மான்: போகும் முன் கேட்கிற கேள்விகள்

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து சத்தியமங்கலத்துக்கோ ஆனைமலைக்கோ மான் பார்க்கக் கிளம்புகிறவர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளையும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். சிலர் "வேட்டைக்குப் போகலாமா?" என்றே ஆரம்பிக்கிறார்கள். அதனால் அதற்கு முதலில் பதில்.

மான் வேட்டைக்கு லைசென்ஸ் எங்கே வாங்கறதுங்க?

எங்கேயும் வாங்க முடியாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பொழுதுபோக்குக்காக மான் சுட அனுமதி என்ற ஒன்றே இன்றைக்கு இந்தியாவில் கிடையாது. சொந்தத் தோட்டமாக இருந்தாலும், கையில் உரிமம் பெற்ற துப்பாக்கி இருந்தாலும் இதில் மாற்றமில்லை. சுடுவதை மட்டும் சட்டம் வேட்டை என்று சொல்லவில்லை. கண்ணி வைப்பது, விஷம் வைப்பது, வலை கட்டுவது, இரை போட்டு வரவழைப்பது, நாயை விட்டு விரட்டுவது, ஏன், இவற்றில் ஒன்றைச் செய்ய முயல்வதுகூட வேட்டைதான். சரணாலயத்துக்குள் வேட்டையாடிப் பிடிபட்டால் குறைந்தது 3 ஆண்டு, கூடினால் 7 ஆண்டு சிறை. அபராதம் தனி. வண்டியும் ஆயுதமும் பறிமுதல்.

தாத்தா காலத்தில் எல்லாரும் போனாங்களே?

போனார்கள், உண்மைதான். பக்கத்து நீலகிரியில் வெள்ளைக்காரர்கள் 1877-லேயே வேட்டை விலங்குகளுக்காக ஒரு சங்கம் வைத்தார்கள். 1879-ல் அதற்கென்று ஒரு சட்டமும் வந்தது. ஆளாளுக்குச் சுட்டுத் தள்ளினால் சுடுவதற்கு ஒன்றும் மிஞ்சாது என்ற பயம் வேட்டைக்காரர்களுக்கே வந்துவிட்டது. நம் ஊர்களிலும் திருவிழா சமயத்தில் முயல் வேட்டைக்குக் கூட்டமாகப் போகிற வழக்கம் இருந்தது. இன்றைக்கு அதுவும் குற்றம்தான்.

அந்தக் காலத்து ஆட்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது, குளம்புத்தடம் எவ்வளவு பழையது, எந்த ஓடையில் எந்த மாதம் வரை தண்ணீர் நிற்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. துப்பாக்கி இல்லாமல் மான் பார்க்கப் போகிறவருக்கும் அந்த அறிவு அப்படியே உதவும். வீட்டில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால் உட்கார வைத்துப் பேசுங்கள்.

தெரிஞ்சவர் ஒருத்தர் மான்கறி தருகிறேன் என்கிறார். வாங்கலாமுங்களா?

வேண்டாம். வாங்குவது, வைத்திருப்பது, சமைப்பது எல்லாமே வழக்குதான். சட்டத்தைவிட எனக்கு உறுத்துகிற விஷயம் வேறு. ஒரு புலிக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 50 மான் அளவு இரை வேண்டும். செந்நாய்க் கூட்டமும் சிறுத்தையும் அதே மானைத்தான் நம்பியிருக்கின்றன. அவை தின்றுவிட்டுப் போட்ட மிச்சத்துக்கு, சத்தியமங்கலம் பக்கத்து மோயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறு கழுகுகள் வந்து இறங்கும். தென்னிந்தியாவில் அந்தக் கழுகுகள் மிஞ்சியிருக்கிற ஒருசில இடங்களில் அது ஒன்று. காட்டில் இரை குறைந்தால் சிறுத்தை பட்டிக்கு வரும், ஆட்டைத் தூக்கும். அப்புறம் "வனத்துறை என்ன பண்ணுது" என்று கேட்பதும் நாம்தான்.

நம்ம மலைகளில் என்னென்ன மான் இருக்குதுங்க?

எல்லாருக்கும் தெரிந்தது புள்ளிமான். கிடா 70 முதல் 90 கிலோ வரை இருக்கும், மந்தையாகத் திரியும், வெளிச்சமான புல்வெளியும் மர நிழலும் சேரும் இடத்தில் நிற்கும்.

கடமான் அடுத்தது. தெற்கே மிளா என்பார்கள். புள்ளி கிடையாது, கரும்பழுப்பு நிறம், பெரிய கிடா 200 கிலோவைத் தாண்டும். தனியாகவோ இரண்டு மூன்றாகவோ இருக்கும். அந்தி சாய்ந்த பிறகுதான் அதன் நடமாட்டம் அதிகம். சில கடமான்களின் தொண்டையில் ரத்தம் கசிகிற மாதிரி ஒரு புண் தெரியும். அடிபட்ட மான் என்று பதற வேண்டாம், அந்த இனத்தில் பரவலாகக் காணப்படுவதுதான்.

கேளையாடு ஆட்டுக்குட்டி உயரம்தான், ஆனால் மான் வகை. புதருக்குள்ளிருந்து நாய் குரைக்கிற மாதிரி விடாமல் குரைக்கும். சருகுமான் அதைவிடப் பொடிசு, இரண்டு மூன்று கிலோ, இரவில் நடமாடும். அதைப் பார்த்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

வெளிமானைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முறுக்கின கொம்பும் கறுப்பு முதுகும் வெள்ளை வயிறுமாக நிற்கும் அந்த அழகன், வகைப்படி பார்த்தால் மான் குடும்பமே இல்லை. ஆடு மாட்டுக் குடும்பம். மானின் கொம்பு கிளை விடும், விழுந்து மறுபடி முளைக்கும். வெளிமானின் கொம்பு கிளைக்காது, வாழ்நாள் முழுக்க அதேதான். மோயாற்றுப் பள்ளத்தாக்கின் வறண்ட சமவெளியில் இவை வாழ்கின்றன. அங்கே புல்வெளியைச் சீமைக்கருவேலம் மூடிக்கொண்டே வருவது, திறந்த வெளியில் ஓடிப் பிழைக்கிற இந்த விலங்குக்குப் பெரிய தொந்தரவு.

வால்பாறைக் கொண்டை ஊசி வளைவுகளில் பாறைமேல் நிற்பதைப் பார்த்துவிட்டு "மான், மான்" என்று கத்துவார்கள். அது வரையாடு. நம் மாநில விலங்கு.

சரி, எங்கே போனால் பார்க்கலாம்?

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது டாப்சிலிப். பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாகச் சுமார் 35 கிலோமீட்டர். ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. வனத்துறை விடுதிகளுக்கு முன்னால் இருக்கிற புல்சரிவில் புள்ளிமான் மந்தை மேய்வது அங்கே அன்றாடக் காட்சி. பக்கத்திலேயே ஹியூகோ வுட் கல்லறை இருக்கிறது. கண்மூடித்தனமாகத் தேக்கு வெட்டப்பட்ட இந்த மலையில் மறுபடி மரம் வளர்த்த வன அதிகாரி அவர். 1933-ல் இறந்தவரை அவர் வளர்த்த மரங்களுக்கு நடுவிலேயே புதைத்தார்கள். மான் பார்க்கப் போகிறவர்கள் அங்கேயும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வர வேண்டும் என்பது என் ஆசை. அந்த மான்களுக்கு நிழலும் மேய்ச்சலும் திரும்பக் கிடைத்ததில் அவருக்குப் பங்கு உண்டு.

டாப்சிலிப்பைத் தாண்டினால் கேரளத்தின் பரம்பிக்குளம். அந்த ஊருக்குச் சாலை வழியே போக வேண்டுமென்றால் பொள்ளாச்சி, டாப்சிலிப் வழியாகத்தான் போக வேண்டும். மானும் காட்டெருமையும் நிறைய. அங்கே அனுமதியும் கட்டணமும் தனி.

சத்தியமங்கலம் வேறு மாதிரி. 2013-ல் புலிகள் காப்பகமான இந்தக் காடு 1,400 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. பண்ணாரியிலிருந்து 27 கொண்டை ஊசி வளைவு ஏறினால் திம்பம், அப்புறம் ஆசனூர், தாளவாடி. ஆசனூரில் தங்கிக்கொண்டு, காலையில் சாலையோரமாகப் பொறுமையாகப் போனாலே புள்ளிமானும், நேரம் வாய்த்தால் கடமானும் கண்ணில் படும். கீழே பவானிசாகர் அணையின் நீர்த்தேக்க ஓரமும் நல்ல இடம். கோடையில் தண்ணீர் வற்றிப் பின்வாங்கும்போது வெளிப்படுகிற பசும்புல்லுக்கு மானும் யானையும் இறங்கி வரும். ஆனால் கரைக்குள் இறங்க அனுமதி கிடையாது.

தெங்குமரஹடா பற்றிக் கேட்பவர்கள் அதிகம். அது காட்டுக்கு நடுவில் இருக்கும் ஊர். வனத்துறை அனுமதி இல்லாமல் வெளியாள் போக முடியாது. படத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பி, சோதனைச்சாவடியோடு திரும்பி வருகிறவர்களே அதிகம்.

உடுமலையிலிருந்து மூணாறு போகிற சாலையில் சின்னாறு வரைக்குமான காடும் நன்றாக இருக்கும். அந்தியூருக்கு மேலே பர்கூர் மலை, தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அங்கே பர்கூர் மாடுகளையாவது பார்த்துவிட்டு வரலாம், மான் என்று கேட்டால் முதல் பயணத்துக்கு அது ஏற்ற இடம் இல்லை.

எந்த மாதம் போறதுங்க?

பலரும் கோடை என்று சொல்வார்கள். தண்ணீர் குறைவதால் விலங்குகள் குட்டைக்கு வரும், இலை உதிர்ந்து பார்வை தெளிவாக இருக்கும் என்பது நியாயமான காரணம்தான். ஆனால் பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் வரை காட்டுத்தீ பயம். மலையேற்றப் பாதைகளையும் சில சமயம் சுற்றுலா இடங்களையும் மூடிவிடுவார்கள். மூடினால் மூடியதுதான், சிபாரிசு தேடாதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் தீயில் சிக்கி இறந்த மலையேற்றக்காரர்களில் ஈரோட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தத் துக்கம் நம் ஊர்களில் இன்னும் ஆறவில்லை.

நான் சிபாரிசு செய்வது மழைக்கு அடுத்த நாட்களை. சத்தியமங்கலத்துக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான், ஐப்பசி கார்த்திகையில். அது ஓய்ந்து மார்கழி தையில் காடு பச்சையாகவும் வானம் தெளிவாகவும் இருக்கும். இளம்புல்லுக்குப் புள்ளிமான்கள் பெரிய மந்தையாகச் சேரும். டாப்சிலிப்பில் ஆனி, ஆடியில் தென்மேற்கு மழை கொட்டும், அட்டை ஏறும். அட்டைக்குப் பயப்படாதவர்களுக்கு அதுவும் அழகான காலம்.

எந்த நேரத்தில் பார்க்கலாம்? போனபோதெல்லாம் எதுவுமே கண்ணில் படவில்லை.

விடிந்து இரண்டு மணி நேரம், பொழுது சாய்வதற்கு முன் இரண்டு மணி நேரம். நடுவில் மான்கள் நிழலில் படுத்து அசைபோடும். வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பி, காலை பத்து மணிக்குக் காட்டுக்கு வந்து சேர்ந்தால் குரங்கைத்தான் பார்க்கலாம்.

கண்ணில் படாததற்கு இன்னொரு காரணம், தேடித் தேடி ஓடுவது. ஒரே சாலையில் நாலு தடவை மேலும் கீழும் வண்டி ஓட்டுவதைவிட, அனுமதி உள்ள ஓர் இடத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு அரை மணி நேரம் பேசாமல் இருப்பது எவ்வளவோ மேல். வண்டிக்குள்ளேயே இருங்கள். பாட்டு வேண்டாம். கதவைத் திறந்து மூடும் சத்தம் வேண்டாம். பத்து நிமிஷத்தில் காடு உங்களை மறந்துவிடும்.

அப்போது கவனியுங்கள். மரத்தின்மேல் மந்தி இருந்தால் கீழே மான் இருக்க வாய்ப்பு அதிகம். மந்தி ஒடித்துத் தின்று உதிர்க்கிற தழையையும் காயையும் மான் பொறுக்கும். மந்தி உயரத்திலிருந்து சிறுத்தையைப் பார்த்துக் கத்தும், மான் மோப்பத்தில் கண்டுபிடித்து எச்சரிக்கும். இரண்டுக்கும் லாபம். மந்தையில் பெட்டை ஒன்று திடீரென்று மேய்ச்சலை நிறுத்தி, இரண்டு காதையும் ஒரே திசையில் திருப்பி, முன்னங்காலைத் தூக்கித் தரையில் ஒரு தட்டு தட்டும். வால் மேலே நிற்கும், அடியிலுள்ள வெள்ளை தெரியும். அடுத்து ஊசி மாதிரி ஒரு கூவல். மந்தை முழுக்கத் தலை நிமிரும். அது உங்களைப் பார்த்து வந்த எச்சரிக்கை இல்லையென்றால், அந்தக் காதுகள் காட்டுகிற திசையை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். கடமானின் எச்சரிக்கை வேறு, தகரத்தில் அடித்த மாதிரி கனமாக ஒரே சத்தம், இடைவெளி விட்டு மறுபடி. கடமான் சும்மா கத்தாது என்று காட்டுக்காரர்கள் சொல்வார்கள். புலியோ சிறுத்தையோ பக்கத்தில் இருக்கும்.

கிடாக்களின் கொம்பையும் பாருங்கள். புள்ளிமானுக்கு எல்லாக் கொம்பும் ஒரே மாதத்தில் விழுவதில்லை. ஒரே மந்தையில் முற்றிய கொம்புக்காரனும், வெல்வெட் துணி போர்த்தது போல மெல்லிய மயிர்த்தோல் மூடிய இளங்கொம்புக்காரனும், மொட்டைத் தலையனும் நிற்பார்கள். அந்த மயிர்த்தோலுக்குள் ரத்தம் ஓடும். கொம்பு வளர்ந்து முடிந்ததும் தோல் காய்ந்து உரியும், கிடா மரத்தில் தேய்த்துக் கழற்றும். பட்டை உரிந்த சின்ன மரங்களைக் கண்டால் அதற்கும் இது காரணமாக இருக்கலாம்.

காட்டுக்குள் நடந்து போகலாமுங்களா?

நீங்களாகப் போகக் கூடாது. காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். நடக்க ஆசை இருந்தால், தமிழக அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் முன்பதிவு செய்யுங்கள். மாநிலம் முழுக்க 40 பாதைகளோடு தொடங்கினார்கள். டாப்சிலிப் - பண்டாரவரை பாதை அதில் ஒன்று. கூடவே பயிற்சி பெற்ற வழிகாட்டி வருவார்.

ஆனைமலையில் காடர், மலசர், மலைமலசர், முதுவர். சத்தியமங்கலத்தில் ஊராளி, சோளகர், இருளர். வழிகாட்டியாகவும் வேட்டைத் தடுப்புக் காவலராகவும் வருகிறவர்களில் பலர் இந்த மக்கள்தான். நமக்குச் சருகாகத் தெரிகிற இடத்தில் அவர்களுக்குத் தடம் தெரியும். "நில்லுங்க" என்றால் நின்றுவிடுங்கள், ஏன் என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். வயதில் பெரியவரை "ஏப்பா" என்று கூப்பிடாதீர்கள். "அண்ணா", "ஐயா" என்றால் வாய் தேய்ந்துவிடாது.

என்ன உடுத்துவது, என்ன கொண்டு போவது?

மங்கலான பச்சை, காக்கி, பழுப்பு. வெள்ளையும் பளிச்சென்ற நீலமும் வேண்டாம். மானுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, நீலம் நன்றாகத் தெரியும். சென்ட், வாசனைப் பவுடர் அடிக்காதீர்கள். கண்ணைவிட மூக்கைத்தான் அது நம்பும்.

பைனாகுலர் ஒன்று கட்டாயம். 8 மடங்கு பெரிதாக்குகிற, 42 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ளது போதும், அதற்கு மேல் போனால் கை நடுக்கத்தில் படம் ஆடும். கேமரா இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ட்ரோனைக் கொண்டு போகவே வேண்டாம்.

சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்து கட்டுச்சோறு எடுத்துப் போங்கள், எவர்சில்வர் டப்பாவில். பாலித்தீன் பையும் சிப்ஸ் பாக்கெட்டும் சாவடியிலேயே நிற்கட்டும். உப்பும் எண்ணெயும் ஒட்டின பிளாஸ்டிக்கை மான் தின்னும், வயிற்றில் அடைத்துச் சாகும். மானுக்கு பிஸ்கட், பழம் எதுவும் போடாதீர்கள். மனிதர் கையை எதிர்பார்க்கப் பழகின மான் சாலையோரத்திலேயே நிற்கும், லாரியில் அடிபடும்.

யானை வந்துட்டா?

கொங்குக் காடுகளில் மான் பார்க்கப் போகிறவர்கள் யானைக்குத்தான் தயாராகப் போக வேண்டும். காராப்பள்ளம், ஆசனூர்ப் பக்கம் கரும்பு லாரிக்காக யானைகள் சாலையில் நிற்பது பழகிப்போன காட்சி. யானையைக் கண்டால் தூரத்திலேயே வண்டியை நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், முகப்பு விளக்கை அடித்து அடித்துக் காட்ட வேண்டாம், செல்ஃபிக்கு இறங்கவே இறங்காதீர்கள். குட்டி தெரிந்தால் இன்னும் பின்னால் போங்கள். அது போன பிறகும் ஐந்து நிமிஷம் கழித்துக் கிளம்புங்கள், கூட்டத்தில் கடைசி யானை புதருக்குள் இருக்கலாம்.

ராத்திரி டார்ச் அடிச்சுப் பார்க்கலாமுங்களா? கண்ணு மின்னுமே.

அது வேட்டைக்காரன் செய்கிற வேலை. காட்டுச் சாலையில் ராத்திரி டார்ச் அடித்துத் திரிகிற காரைக் காவலர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள், பார்க்கவும் வேண்டும். தவிர, திம்பம் மலைப்பாதையில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரி முதல் இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. வாகன வகையைப் பொறுத்து நேரமும் விலக்கும் மாறும், பண்ணாரிச் சாவடியில் கேட்டுக்கொள்ளுங்கள். பொழுது சாயும் முன்னே மலை ஏறி முடித்துவிடுவது நல்லது.

விழுந்து கிடக்கிற கொம்பை எடுத்து வரலாமுங்களா? அதான் தானா விழுந்ததாச்சே.

கூடாது. தானாக விழுந்தாலும் அது அரசுக்குச் சொந்தம், வீட்டில் வைத்திருந்தால் வழக்கு. காட்டிலும் அது வீண் போவதில்லை. முள்ளம்பன்றி அதைக் கொறித்துக் கொறித்துச் சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொள்ளும். கீழே கிடக்கும் கொம்பில் வரிவரியாகப் பல் பதிந்த அடையாளம் இருந்தால் அதன் வேலைதான். படம் எடுத்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள்.

சுருக்குக் கம்பி, அவுட்டுக்காய் மாதிரி எதையாவது பார்த்தால்?

தொடாதீர்கள். அவுட்டுக்காய் என்பது தீனிக்குள் வைத்த நாட்டுவெடி. பன்றிக்கென்று வைத்ததை யானை கடித்து, வாய் கிழிந்து பட்டினியில் செத்திருக்கிறது. உங்கள் கையில் வெடித்தாலும் அதே கதிதான். இடத்தை அடையாளம் வைத்துக்கொண்டு நேராகச் சாவடிக்கு அல்லது வனச்சரக அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லுங்கள். கண்ணியில் மான் சிக்கித் துடித்தாலும் நீங்களே அவிழ்க்க இறங்க வேண்டாம். வைத்தவன் பக்கத்தில் இருக்கலாம், மானின் உதையும் கொம்பும் லேசானதல்ல.

எங்க தோட்டத்துக்குள்ளேயே மான் வந்திருச்சு. என்ன பண்றதுங்க?

காட்டோர ஊர்களில் இது சகஜம். முதலில் நாய்களைக் கட்டுங்கள். கூட்டம் கூட விடாதீர்கள். வெளியேற ஒரு பக்கம் வேலியைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றால் பெரும்பாலும் இருட்டினதும் தானே போய்விடும். துரத்திப் பிடித்துக் கட்டி வைப்பதுதான் மோசம். பயத்திலும் ஓட்டத்திலும் மானின் தசையே பழுதாகி, வெளிக்காயம் ஒன்றும் இல்லாமலே சில மணி நேரத்தில் செத்துவிடும். கிணற்றில் விழுந்திருந்தாலோ அடிபட்டிருந்தாலோ வனத்துறையைக் கூப்பிடுங்கள்.

குட்டி மட்டும் புதரில் தனியாகப் படுத்திருந்தால் அனாதை என்று தூக்கி வராதீர்கள். தாய் அதை ஒளித்து வைத்துவிட்டு மேயப் போயிருக்கும், பால் கொடுக்க வரும்.

சின்னப் பிள்ளைகளையும் வயசானவங்களையும் கூட்டிட்டுப் போகலாமுங்களா?

டாப்சிலிப்புக்குத் தாராளமாக. அங்கே நடக்காமலே மான் பார்க்கலாம், கோழிகமுத்தி யானை முகாமும் பக்கத்தில். வளைவு ஏறினால் வாந்தி வருகிறவர்களுக்குத் திம்பமும் வால்பாறையும் சிரமம். மலையில் பல இடங்களில் செல்போன் சிக்னல் கிடையாது, வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வழக்கமாகச் சாப்பிடுகிற மாத்திரைகளை இரண்டு நாளைக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு நாள் லீவு இருக்கு. எப்படித் திட்டம் போடறது?

டாப்சிலிப் என்றால், வனத்துறை விடுதியை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டு, முதல் நாள் மதியத்துக்குள் சேத்துமடைச் சாவடியைத் தாண்டிவிடுங்கள். இருசக்கர வண்டியில் கிளம்பாதீர்கள், விட மாட்டார்கள். சாயங்காலம் எங்கேயும் போகாமல் விடுதிக்கு எதிரே புல்வெளியைப் பார்த்து உட்காருங்கள். மறுநாள் விடிந்ததும் வனத்துறை வண்டியிலோ வழிகாட்டியோடு நடந்தோ ஒரு சுற்று, பிறகு யானை முகாம், மதியம் இறங்கிவிடலாம்.

சத்தியமங்கலம் என்றால், முதல் நாள் பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு மாலை நாலு மணிக்குள் திம்பம் ஏறி ஆசனூரில் தங்குங்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆசனூர் - தாளவாடிச் சாலையில் மெதுவாக ஒரு பயணம். இறங்கி வருகிற வழியில் பவானிசாகர். இரண்டு இடத்தையும் ஒரே லீவில் முடிக்கப் பார்க்காதீர்கள். காலையும் மாலையும் சாலையிலேயே கழிந்துவிடும், மான் மேய்கிற நேரமும் அதுதான். கிளம்புவதற்கு முந்தின நாள் சம்பந்தப்பட்ட வனச்சரக அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மழை, தீ, யானை நடமாட்டம் என்று எதற்காகவும் திடீரென்று மூடுவார்கள்.